கார் நின்னா உடனே பம்பை மாத்தாதீங்க, முதல்ல அளந்து பாருங்க



இந்த வார எபிசோட்ல, ஓடிட்டிருக்கிற கார் திடீர்னு ஏன் நின்னுபோகுதுன்னு பேசினோம். "நம்பரெல்லாம் வேகமா சொல்லிட்டீங்க, எழுதி அனுப்புங்க"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதனால எல்லாத்தையும் வரிசையா இங்கே எழுதுகிறேன். எபிசோட் கேட்காதவங்களும் இதை மட்டும் படிச்சா போதும்.

முதல்ல எங்க வீட்டுக் கதை.

போன ஜூலை, மதியம் மூணு மணி. அம்மா ஜுபைல்ல இருந்து தம்மாமுக்குத் தனியா ஓட்டிட்டு வந்துட்டிருந்தாங்க. சவூதியில் பெண்கள் கார் ஓட்டலாம் என்று அனுமதி வந்தது 2018 ஜூன் 24-ல். அதற்கு அடுத்த வருஷம் அம்மா லைசென்ஸ் எடுத்தாங்க. அப்பா டூட்டி முடிஞ்சு வந்தாத்தான் கடைக்குக்கூடப் போக முடியும்னு இருபது வருஷம் காத்திருந்தவங்களுக்கு அந்த அட்டை எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும்.

ஹைவேயில் நடு லேன். கார் ரெண்டு தடவை முக்கியது, மூணாவது தடவை நின்றேவிட்டது. பின்னால ஒரு டிரெய்லர் ஹாரன் அடிச்சுட்டே வருது. எப்படியோ வலது ஓரத்துக்குக் கொண்டு வந்துட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. வீட்டுக்கு வந்ததும் சாவியை மேசை மேல வெச்சுட்டுச் சொன்னாங்க: "இனிமே இதை நான் தொட மாட்டேன்பா."

அப்புறம் சனையாவுக்கு மூணு தடவை போனோம். முதல் தடவை பிளக் மாத்தினாங்க. ரெண்டாவது தடவை த்ராட்டில் பாடி கிளீன் பண்ணினாங்க. மூணாவது தடவை பெட்ரோல் பம்பையே மாத்தினாங்க. மொத்தம் 900 ரியாலுக்கு மேல் போச்சு. பத்து நாள் நல்லா ஓடுச்சு. பதினோராவது நாள், அதே வெயில்ல, அதே மாதிரி நின்னுச்சு. "வித்துடலாம்"னு அப்பா முடிவே பண்ணிட்டார்.

அப்போதான் எதிர் ஃப்ளாட் அங்கிள் வந்தார். ஜுபைல்ல ஒரு பிளான்ட்ல இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இதுவரைக்கும் யாராவது எதையாவது அளந்து பார்த்தாங்களாம்மா?"

யாரும் அளக்கல. எல்லாரும் ஊகிச்சாங்க, மாத்தினாங்க. இந்த வாரப் பாடம் அந்தக் கேள்விதான்.

பெட்ரோல் போகிற பாதை

1938 மார்ச்ல, தஹ்ரான்ல தம்மாம் 7-ம் எண் கிணற்றில்தான் சவூதியின் எண்ணெய் முதன்முதலில் வியாபார அளவுக்குக் கிடைத்தது. ஆழம் சுமார் 1,440 மீட்டர். நம்ம ஊர் கதையே அங்கிருந்துதான் ஆரம்பம். ஆனால் டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தால் மட்டும் கார் ஓடாது. அந்தப் பெட்ரோல் சரியான அழுத்தத்தில், சரியான அளவில் இன்ஜினுக்குப் போய்ச் சேரணும்.

பாதை இதுதான்: டேங்க், அதற்குள்ளேயே மூழ்கி இருக்கிற எலக்ட்ரிக் பம்ப், ஃபில்டர், காருக்கு அடியில் ஓடும் பைப், இன்ஜின் மேலே இருக்கிற ரெயில், கடைசியாக இன்ஜெக்டர். சாதாரண பெட்ரோல் இன்ஜினில் இந்தப் பாதையின் அழுத்தம் பெரும்பாலும் 3 முதல் 4 பார். உங்க டயர்ல இருக்கிற காற்று சுமார் 2.3 பார், அதோட ஒப்பிட்டுப் பாருங்க. டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜினில், இதற்கு மேல் இன்னொரு பம்ப் 50 முதல் 200 பார் வரைக்கும் ஏத்தும். உங்க காருக்கு எவ்வளவு என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

"பெட்ரோலுக்குள்ளே கரண்ட் மோட்டாரா? தீப்பிடிக்காதா?"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். தீப்பிடிக்கக் காற்றும் வேணும். மூழ்கி இருக்கிற பம்பைச் சுற்றிக் காற்று கிடையாது. டேங்கின் மேல்பகுதியிலும் பெட்ரோல் ஆவி அவ்வளவு அடர்த்தியாக இருக்கும், எரிவதற்குத் தேவையான காற்று அங்கே இருக்காது. இன்னொரு விஷயம், அந்தப் பெட்ரோல்தான் பம்பைக் குளிர்விக்கிறது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

கார் நின்ன அந்த நிமிஷம்

ஆராய்ச்சி அப்புறம், முதல்ல உயிர்.

ஹசார்டு லைட்டைப் போடுங்க. இன்ஜின் நின்றதும் ஸ்டியரிங் கனமாகிவிடும், ஆனால் திரும்பும். பிரேக்குக்கு ரெண்டு மூணு அழுத்தலுக்கு மட்டும் உதவி மிச்சம் இருக்கும். அதனால சும்மா சும்மா அழுத்தாம, ஒரே சீராக அழுத்தி வலது ஓரத்துக்கு வாங்க. வண்டி உருளும்போது சாவியை முழுசா ஆஃப் பண்ணி உருவாதீங்க, ஸ்டியரிங் பூட்டிக்கும். நின்ன பிறகு ரோட்டுப் பக்கம் இல்லாத கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. வெயில் காலத்துல கார்ல எப்பவும் தண்ணி இருக்கணும். ஏசி இல்லாத காருக்குள்ள உட்கார்ந்து காத்திருக்கிறது ஆபத்து.

படி 1: எப்படி நின்றது?

மெக்கானிக்கிடம் "கார் நின்னுபோச்சு"ன்னு மட்டும் சொன்னா அவர் ஊகிக்கத்தான் முடியும். எப்படி நின்றது என்று சொன்னால் பாதி வேலை முடிஞ்சது.

முக்கி, இழுத்து, பலம் குறைஞ்சு நின்றதா? பெட்ரோல் பத்தலை என்பதற்கான அடையாளம். பம்ப், ஃபில்டர், பம்புக்குப் போகிற கரண்ட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

ஸ்விட்சை அணைச்ச மாதிரி ஒரே நொடியில் நின்றதா? வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் சட்டுனு பூஜ்யத்துக்கு விழுந்தால், பெரும்பாலும் அது பெட்ரோல் பிரச்சினை இல்லை. கிராங்க் சென்சார் அல்லது இக்னிஷன் பக்கம் பாருங்க.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஆஃப் ஆகி, ஓடும்போது நல்லா இருக்கா? த்ராட்டில் பாடி அழுக்கு, அல்லது எங்கேயோ காற்று கசிந்து உள்ளே போவது.

பங்க்ல பெட்ரோல் போட்டு, ஸ்டார்ட் பண்ணினதும் நிற்குதா? பர்ஜ் வால்வைப் பாருங்க. டேங்கில் சேரும் பெட்ரோல் ஆவியை ஒரு கரி டப்பா பிடித்து வைக்கும், இந்த வால்வு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்கு அனுப்பும். வால்வு திறந்தபடியே மாட்டிக்கிட்டா, மொத்த ஆவியும் ஒரே நேரத்தில் உள்ளே போய் இன்ஜின் திணறிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கு. சூடானதும் நின்று, ஆறினதும் ஸ்டார்ட் ஆவது பம்ப் கோளாறிலும் வரும், கிராங்க் சென்சார் கோளாறிலும் வரும். "சூட்டுல நிக்குது, அப்போ பம்ப்தான்"னு முடிவு கட்டினா பாதி நேரம் தப்பாகும். முள் எப்படி விழுந்தது என்று அம்மாவிடம் அங்கிள் கேட்டார். "மெதுவாத்தான் இறங்குச்சு, ஆக்ஸிலேட்டர் மிதிச்சும் ஏறல"ன்னு அம்மா சொன்னாங்க. அப்போ பெட்ரோல் பக்கம்தான்.

படி 2: காது கொடுத்துக் கேளுங்க

சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்க. பட்டன் ஸ்டார்ட் கார்னா, பிரேக்கை மிதிக்காமல் பட்டனை ரெண்டு தடவை அழுத்துங்க. பின் சீட் பக்கம் ரெண்டு நொடிக்கு "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வரணும். அதுதான் பம்ப் அழுத்தம் ஏத்துகிற சத்தம். சில கார்களில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வரும், அதனால கார் நல்லா இருக்கிற நாளிலேயே ஒருதடவை கேட்டு வெச்சுக்கோங்க. நின்னுபோன நேரத்தில் அந்தச் சத்தமே வரலைன்னா பம்புக்குக் கரண்ட் வரலை, இல்லைன்னா பம்ப் சுத்தலை.

படி 3: ஃபியூஸ், ரிலே

பம்புக்கு ஒரு ஃபியூஸும் ஒரு ரிலேயும் இருக்கும். எந்த இடம்னு பெட்டியின் மூடியிலேயே படம் இருக்கும். பல கார்களில் ஹாரனுக்கோ வேறு எதற்கோ அதே பார்ட் நம்பர் உள்ள ரிலே பக்கத்திலேயே இருக்கும். நம்பர் ஒண்ணா இருந்தா மட்டும் ரெண்டையும் இடம் மாத்திப் பாருங்க. பம்ப் ஓடி, ஹாரன் நின்னுபோச்சுன்னா குற்றவாளி ரிலேதான். செலவில்லாத சோதனை. ஃபியூஸ் மறுபடி மறுபடி எரிஞ்சா பெரிய ஃபியூஸ் போடாதீங்க, வயர் எரியும்.

படி 4: ஸ்கேனர்

ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் விலை அதிகமில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்ல மாட்டி, போன்ல ஆப் திறந்தா போதும். பார்க்க வேண்டிய கோடுகள்: பி0087 என்றால் ரெயிலில் அழுத்தம் குறைவு. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பி0230 என்றால் பம்பின் கரண்ட் வழியில் கோளாறு. பி0335 என்றால் கிராங்க் சென்சார் வழி.

கோடு என்பது தீர்ப்பு இல்லை, புகார் மட்டும்தான். பி0171 வந்தா உடனே சென்சார் வாங்கிடாதீங்க. அதே ஆப்பில் ஃப்யூயல் டிரிம் என்று ஒரு எண் ஓடும். இன்ஜின் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டுது, குறைக்குது என்பதை அது காட்டும். பிளஸ் 5, மைனஸ் 5-க்குள் இருந்தால் சரி. பிளஸ் 10-ஐத் தாண்டினால் கவனிங்க.

இப்போ முக்கியமான தந்திரம். நிற்கும்போது டிரிம் பிளஸ் 15 என்று இருந்து, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏத்தினதும் சாதாரணமாகிவிட்டால், எங்கேயோ காற்று கசிகிறது. நிற்கும்போது சரியாக இருந்து, வேகமா ஓடும்போதும் ஏற்றத்திலும் டிரிம் ஏறிக்கொண்டே போனால், பெட்ரோல் வந்து சேரலை. ஓட்டுறவர் போனைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கணும். எங்க காரில் அப்பா ஓட்ட, நான் பார்த்தேன். 120-ல் பிளஸ் 18 வரைக்கும் ஏறுச்சு. புது பம்ப் போட்ட கார்ல!

படி 5: அழுத்தமும் வோல்டேஜும்

இதை மெக்கானிக்கோடு சேர்ந்து பண்ணுங்க. அழுத்தம் இருக்கும்போது பெட்ரோல் பைப்பைக் கழட்டினால் கண்ணிலும் சூடான இன்ஜினிலும் பெட்ரோல் பீச்சி அடிக்கும். முதலில் அழுத்தத்தை இறக்கணும், பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர் இருக்கணும், சிகரெட் கிட்ட வரக் கூடாது.

கேஜை மாட்டினால் மூன்று விஷயம் தெரியும். சாவி ஆன் பண்ணினதும் மேனுவலில் சொன்ன அழுத்தம் வருதா? இன்ஜினை ஏத்தும்போது அது நிலையா இருக்கா? அணைத்த பிறகு சில நிமிஷம் இறங்காமல் நிற்குதா? இன்ஜினை ஏத்தினா விழுதுன்னா ஃபில்டர் அடைப்பு, பம்ப் பலவீனம், அல்லது பம்புக்குப் போகிற வோல்டேஜ் பத்தலை. அணைத்ததும் சட்டுனு இறங்கினா பம்பின் செக் வால்வு அல்லது இன்ஜெக்டர் கசிவு.

எங்க காரில், ஏத்தினதும் அழுத்தம் விழுந்தது. ஃபில்டர் பம்போடு சேர்ந்தே புதுசு. மிச்சம் இருந்தது ஒண்ணுதான். அங்கிள் பின் சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, பம்ப் ஓடிட்டிருக்கும்போது மல்டிமீட்டரை வெச்சார். பேட்டரியில் 14.1 வோல்ட். பம்ப் கனெக்டரில் 10.9 வோல்ட். நடுவில் 3.2 வோல்ட் காணாமல் போயிருந்தது. அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

கனெக்டரைக் கழட்டிப் பார்த்தா, ஒரு பின் கருத்துப்போய், சுத்தி இருந்த பிளாஸ்டிக் உருகி இருந்தது.

பள்ளிக்கூட இயற்பியல்தான். பம்ப் 6 ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்குவோம். கனெக்டரில் அரை ஓம் தடை இருந்தால், 6-ஐ 0.5-ஆல் பெருக்கினா 3 வோல்ட் அங்கேயே போயிடும். 3 வோல்ட், 6 ஆம்பியர், ஆக 18 வாட் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்னை அந்த கனெக்டருக்குள்ளே செருகி வெச்ச மாதிரி! சூடாக ஆகத் தொடர்பு இன்னும் கெடும், தடை இன்னும் ஏறும், பம்ப் இன்னும் மெதுவாகும். அரை மணி நேரம் ஆறினா மறுபடி ஓடும். அம்மா சொன்னது அப்படியே பொருந்துச்சு. புது பம்பை அதே வெந்த கனெக்டர்லதான் மாட்டி இருந்தாங்க.

வயரோடு வரும் புது கனெக்டர் 40 ரியால். தஷ்லீல பழசு வாங்காதீங்க, அதுவும் வெந்ததாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சில புதிய கார்களில் பம்புக்குப் போகிற வோல்டேஜை ஒரு மாட்யூல் தேவைக்கேற்ப ஏத்தி இறக்கும். அங்கே 10 வோல்ட் என்பது கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். மேனுவல் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

சில நேரம் தப்பு தயாரிப்பிலேயே இருக்கும்

பம்பே குற்றவாளியான பெரிய வழக்கும் உண்டு. 2020 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 7 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், டென்சோ தயாரித்த பெட்ரோல் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் என்கிற சின்ன பிளாஸ்டிக் சக்கரம். அதன் அடர்த்தி குறைவாக இருந்ததால் விரிசல் விட்டு, பெட்ரோலை உறிஞ்சி, உருமாறிப்போய் பம்பின் சுவரில் உரசியது. பம்ப் நின்றால் ஓடும் காரும் நிற்கும். அந்த வருஷ முடிவுக்குள் உலகம் முழுக்க டொயோட்டாவின் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. ஹோண்டா 2023 டிசம்பரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 25 லட்சம் கார்களை இதற்காக அழைத்தது. இந்தியாவிலும் 2021 ஏப்ரலில் 77,954 கார்களுக்கு ஹோண்டா பம்ப் மாற்றித் தருவதாக அறிவித்தது. ஊர்ல சித்தப்பாவோ மாமாவோ ஹோண்டா வெச்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

திரும்ப அழைக்கப்பட்ட கார்னா அந்த ரிப்பேர் இலவசம். சவூதியில் வர்த்தக அமைச்சகம் நடத்துகிற ரீகால்ஸ் டாட் எஸ்ஏ தளத்தில் 17 எழுத்து வின் நம்பரைப் போட்டுப் பாருங்க. கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டு ஓரத்திலும், காரின் இஸ்திமாராவிலும் அந்த நம்பர் இருக்கும். காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம்.

தம்மாம் வெயிலுக்கு நாலு பழக்கம்

ஒண்ணு: கோடையில் டேங்க் கால்வாசிக்குக் கீழே போக விடாதீங்க. பம்பைக் குளிர்விக்கிறது பெட்ரோல்தான்னு சொன்னேன் இல்லையா, குறைஞ்சா பம்ப் சூடாகும். ரியாத் வரைக்கும் 400 கிலோமீட்டர் போறப்போ அடுத்த பங்க்ல போட்டுக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க.

ரெண்டு: பங்க்ல நாசில் "டக்"னு நின்னதும் போதும்னு சொல்லுங்க. ரவுண்டா காசு வரணும்னு மேலே மேலே ஊத்தினா திரவப் பெட்ரோல் கரி டப்பாவுக்குள்ளே போய், பர்ஜ் வால்வு வரைக்கும் கெடுக்கும்.

மூணு: தூசி நம்ம ஊர்ல ஓயாது. ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்னதைவிடச் சீக்கிரமாகப் பாருங்க.

நாலு: 91 பச்சை, 95 சிவப்பு. மேனுவல் எதைக் கேட்குதோ அதைப் போடுங்க. 95 போட்டா நிற்கிற கார் சரியாகிடும் என்பது கட்டுக்கதை. அழுத்தம் குறைவா இருந்தா எந்த நிறப் பெட்ரோலும் காப்பாத்தாது.

இந்த வார ஹோம்வொர்க்

உங்க வீட்டு காரில் மூணு வேலை. பம்ப் சத்தத்தைக் கேளுங்க. பம்ப் ஃபியூஸும் ரிலேயும் எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சுப் போட்டோ எடுத்து வையுங்க. வின் நம்பரைத் தளத்தில் போட்டுப் பாருங்க. முடிஞ்சா, பக்கத்து வீட்டு அங்கிள்களிடம் பிளான்ட்ல அவங்க என்ன வேலை பண்றாங்கன்னு கேளுங்க. இத்தனை வருஷமா அந்த அங்கிளுக்கு சலாம் மட்டும்தான் சொல்லிட்டிருந்தேன். தினமும் அழுத்தத்தையும் வோல்டேஜையும் அளக்கிறதுதான் அவர் வேலைன்னு எனக்குத் தெரியவே தெரியாது.

கனெக்டர் மாத்தின அன்னிக்கு மறுபடியும் ஸ்கேனரை மாட்டி, அதே மதிய வெயில்ல, அதே ஜுபைல் ரோட்டில் ஓட்டினோம். 120-ல் டிரிம் பிளஸ் 3. சரி பண்ணின பிறகும் அளக்கணும், இல்லைன்னா சரியாச்சுங்கிறதும் ஊகம்தான்.

அம்மா உடனே ஒத்துக்கல. ரெண்டு வாரம் அப்பா கூடவே உட்கார்ந்து வந்தார். மூணாவது வாரம் ஒரு நாள் காலைல பார்த்தா மேசை மேல சாவி இல்லை. கீழே எட்டிப் பார்த்தா பார்க்கிங்ல காரும் இல்லை. போன் பண்ணினேன். "சிக்னல்ல நிக்கிறேன், அப்புறம் பேசு"ன்னு வெச்சுட்டாங்க.

உங்க கார் எப்படி நின்றது, கடைசியில் என்ன கண்டுபிடிச்சீங்கன்னு பதில் எழுதுங்க. எத்தனை வோல்ட், எத்தனை பார்னு நம்பரோட எழுதுங்க. நல்ல கதைகளை அடுத்த எபிசோட்ல வாசிக்கிறோம்.

பத்திரமா ஓட்டுங்க மக்களே!